வேதாளைக் கரையில் ஒரு பகல்

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரத் தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், உச்சிப்புளியைக் கடந்து மண்டபத்தை எட்டுவதற்குச் சற்று முன்பாக வேதாளை என்றோர் ஊர் இருக்கிறது. தென்னந்தோப்புகளும் பள்ளிவாசலும் மீனவர் குடியிருப்பும் கொண்ட கடற்கரைச் சிற்றூர். தனுஷ்கோடியைக் காணச் செல்லும் பல்லாயிரவர் நாள்தோறும் இவ்வூரைக் கடந்து போகின்றனர். போர்ச்சுகல் நாட்டவர் தம் தேசியக் காவியமாகப் போற்றும், 1572இல் அச்சேறிய கமோயென்சின் ‘லூசியாதாசு’ நூலின் பத்தாம் காண்டத்தில் இந்த ஊரின் பெயர் இடம்பெற்றிருக்கிறது என்று சொன்னால் அவர்களில் எத்தனை பேர் நம்புவர்? பொன்னானியில் வாழ்ந்த மார்க்க மேதை ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் அரபியில் இயற்றிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நூலிலும் இதே ஊரின் செய்தி பதிவாகியுள்ளது. வென்றவர் தரப்பும் தோற்றவர் தரப்பும் எழுதி வைத்த ஒரு போர், அது நடந்த மண்ணின் மொழியில் மட்டும் பேசப்படாமலே இருந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் நால்வரோடு இக்கடற்கரையின் பழைய போர்க்களங்களை ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று புறப்பட்டோம். திட்டம் வகுத்ததில் பிழை நம்முடையதே. எல்லோரையும் போல் முதலில் தனுஷ்கோடிக்குப் போனோம். அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் போனது தெரியவில்லை. திரும்பும் வழியில் வேதாளையில் இறங்கியபோது மஃரிபுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொழுதுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம். இருட்டில் அலையோசையைத் தவிர ஒன்றும் அறிய முடியவில்லை. வாகன ஓட்டுநர், “இங்கே என்ன இருக்கிறது, பாய்?” என்று இருமுறை கேட்டார். அவருக்கு அன்று சரியாக விடை சொல்ல இயலாமற் போனதும் இக்கட்டுரைக்கு ஒரு காரணம்.

ஆகவே இம்முறை பயணத்தை மேற்கிலிருந்து கிழக்காக அமைத்துக்கொள்வோம். சுபுஹு தொழுத கையோடு இராமநாதபுரத்தில் தொடங்கினால், வெயில் ஏறுமுன் கோட்டையையும் அரண்மனையையும் பார்த்துவிடலாம். முற்பகலை முழுமையாக வேதாளைக்கு ஒதுக்க வேண்டும். லுஹருக்குப் பின் பாம்பன் பாலத்தைக் கடந்து குந்துகால், அதன்பின் தனுஷ்கோடி. இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அங்கிருந்து அரிச்சல்முனை மேலும் 20 கிலோமீட்டர் அளவில் உள்ளது. 1988இல் சாலைப் பாலம் வந்த பிறகும் தனுஷ்கோடியின் கடைசிக் கல் தொலைவுகளை மணலில்தான் கடக்க வேண்டியிருந்தது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின்பே இப்படி ஒரு பகற்பொழுதில் போய்வருவது இயல்வதாயிற்று. மாலை சாய்ந்தபின் முனையில் தங்க விடமாட்டார்கள் என்பதை மனத்திற்கொள்க.

ஏர்வாடியை இத்திட்டத்தில் ஏன் சேர்க்கவில்லை என்று வாசகர்கள் கேட்பது இயல்பே. சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது (ரஹ்) அவர்களுக்கும் விக்கிரம பாண்டியனுக்கும் பௌத்திரமாணிக்கப்பட்டினத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் போரின் களம் அது. மீசல் வண்ணக்களஞ்சியப் புலவரின் ‘தீன் விளக்கம்’ அவ்வரலாற்றைக் காப்பியமாகவே பாடியிருக்கிறது. எனினும் அது தென்மேற்கே கீழக்கரை வழியில் உள்ளது. ஜியாரத்துக்கென்று போகும் இடத்தைப் பிற இடங்களோடு சேர்த்து விரைந்து முடிப்பது முறையாகவும் தோன்றவில்லை. அதற்குத் தனியே ஒரு நாள் வேண்டும்.

இராமநாதபுரத்தில் பழைய கோட்டையின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. கிழவன் சேதுபதி (1674-1710) காலத்தில் கல்லால் எடுக்கப்பட்ட அந்தக் கோட்டைக்குக் கீழக்கரை வள்ளல் சீதக்காதி துணை நின்றார் என்பது நெடுநாள் வழக்கு. எஞ்சியிருப்பது இராமலிங்க விலாசம். அதன் சுவரோவியங்களில் தஞ்சை மராத்தியரோடு சேதுபதி பொருத காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. பீரங்கிகளும் குதிரைகளும் நெருங்கிய அவ்வோவியத்தின் முன் சிறிது நேரம் நிற்பது நல்லது. இக்கரையின் போர்களை அவை நடந்த காலத்துக்கு அருகிலிருந்தே கண்ட கண்கள் தந்த சித்திரம் வேறெங்கும் நமக்குக் கிடைக்காது. விடுமுறை நாள் எது என்று முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

1772 ஜூன் மாதத்தில் ஆர்க்காட்டு நவாப் முகம்மதலியின் படையும், தளபதி ஜோசப் சுமித்தின் தலைமையில் கும்பெனிப் படையும் இக்கோட்டையைத் தகர்த்து நுழைந்தன. நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உமரா உடன் வந்திருந்தார். சிறுவனான முத்துராமலிங்க சேதுபதியும் அவருடைய அன்னையும் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் சிறைவைக்கப்பட்டனர். வளர்ந்து ஆட்சிக்கு மீண்ட அதே சேதுபதியை 1795இல் கும்பெனியார் மறுபடியும் சிறைப்பிடித்தனர். அவர் சென்னைக் கோட்டையில் கைதியாகவே 1809இல் மறைந்தார். அவருடைய வரலாற்றை ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்து எழுதியவர் இராமநாதபுரத்து அறிஞர் டாக்டர் எஸ்.எம். கமால் அவர்கள். முஸ்லிம் நவாபின் பெயரால் ஒரு சேதுபதி சிறை வைக்கப்பட்டார். அந்தச் சேதுபதிக்கு நீதி கேட்டு எழுதியவர் ஒரு முஸ்லிம். இதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இனி வேதாளை.

ஜைனுத்தீன் மக்தூம் தரும் செய்தி சுருக்கமானது. ஹிஜ்ரி 944ஆம் ஆண்டில் அலி இப்ராஹீம் மரைக்கார், ஃபகீஹ் அஹ்மது மரைக்கார், குஞ்ஞாலி மரைக்கார் ஆகியோர் 42 ‘குறாப்’ கலங்களோடு காயலை நோக்கிப் புறப்பட்டனர். வேதாளையை அடைந்து, கரையிறங்கி, அங்கே தாமதித்தனர். பறங்கியர் தம் கலங்களில் வந்து பொருதனர். முஸ்லிம்கள் பலர் ஷஹீதாயினர். கலங்கள் அனைத்தும் பகைவர் கைப்பட்டன. இது நடந்தது ஷஅபான் மாத இறுதியில். எஞ்சியோர் மலபாருக்குத் திரும்பும் வழியில் அலி இப்ராஹீம் மரைக்காரும் இறந்தார். குறாப் என்பது அரபியில் காக்கையைக் குறிக்கும் சொல். துடுப்பும் பாயும் கொண்டு விரைந்தோடும் போர்க்கலத்துக்கும் அதுவே பெயர்.

ஹிஜ்ரி 944 ஷஅபான் இறுதி என்பது அன்று வழக்கிலிருந்த ஐரோப்பிய நாட்காட்டிப்படி 1538 ஜனவரியின் கடைசி நாட்கள். போர்ச்சுகீசிய வரலாற்று நூல்களும் இந்தக் காலத்தையே ஏறத்தாழக் குறிக்கின்றன. இரு தரப்பினரும் ஒருவரை ஒருவர் படித்து எழுதியவர்கள் அல்லர். ஆகவே இந்த ஒற்றுமை மதிப்புடையது. கலங்களின் எண்ணிக்கையிலும் ஆட்களின் தொகையிலும்தான் வேறுபாடு. வென்றவர்கள் எதிரியின் பலத்தைப் பெருக்கிக் காட்டுவது எங்கும் உள்ள வழக்கம் ஆதலால், இவ்விடத்தில் பொன்னானி ஆலிமின் 42 என்ற எண்ணையே நாம் ஏற்கிறோம்.

பறங்கிப் படைக்குத் தலைமை தாங்கியவன் மார்த்திம் அஃபோன்சு டி சோசா. பிரேசில் கரையில் போர்ச்சுகீசியக் குடியேற்றத்துக்கு அடித்தளமிட்டுவிட்டு இந்தியக் கடலுக்கு வந்தவன். 1542இல் ஆளுநராகத் திரும்பி வந்தபோது தன் கப்பலில் பிரான்சிசு சவேரியாரை அழைத்து வந்தவனும் இவனே. பிரேசிலுக்கும் கோவாவுக்கும் இடையே ஓடிய அந்த வாழ்வில் பெரும்புகழ் தேடித்தந்தது வேதாளைக் கரைதான் என்பதைக் கமோயென்சின் காவியம் காட்டுகிறது.

மலபார்க் கலங்கள் இவ்வளவு தூரம் வந்த காரணம் என்ன? இலங்கையில் கோட்டை அரசு 1521இல் மூன்று சகோதரர்களிடையே பிளவுண்டது. மூத்தவனான ஏழாம் புவனேகபாகு போர்ச்சுகீசியரைச் சார்ந்திருந்தான். இளையவனான சீதாவக்கை மாயாதுன்னை கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் துணையை நாடினான். மரைக்கார்களின் கடற்படை சாமூதிரியின் ஆணையோடு மாயாதுன்னைக்கு உதவச் சென்றது. போர்ச்சுகீசியர் ‘பாத்தே மர்க்கார்’ என்று எழுதும் தலைவர் கொச்சியில் பறங்கியருக்கே அரிசி விற்ற பெருவணிகர். அவர்களோடு மனமுறிவு கொண்டு கள்ளிக்கோட்டைக்கு மாறியவர். வணிகனைப் பகைவனாக்கியது பறங்கியரின் கடலாணைச் சீட்டும் கொள்ளையுமே என்பதில் வரலாற்றாசிரியரிடையே பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை.

ஆயினும் மற்றொன்றையும் நாம் மறைப்பதற்கில்லை. அதே கடற்படை வரும் வழியில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர்களைத் தாக்கியது. அப்பரதவர்கள் 1530களின் நடுப்பகுதியில், முத்துக்குளிப்பு உரிமை பற்றி முஸ்லிம்களோடு எழுந்த பூசலையடுத்து, கொச்சிக்குத் தூதனுப்பிப் பறங்கியரின் காவலை வேண்டி, ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒரு பரதவரின் காது அறுக்கப்பட்டதே பூசலுக்குத் தொடக்கம் என்று கிறித்தவ நூல்கள் கூறும். அக்கதையின் உண்மை எவ்வாறாயினும், ஒரே கடலில் தலைமுறை தலைமுறையாக மூழ்கி எழுந்த இரு சமுதாயங்கள் வெளியாரைத் தத்தம் பக்கம் அழைத்துக்கொண்டன என்பது உண்மை. வேதாளையில் வீழ்ந்தவர்களை ஷஹீதுகள் என்று ஜைனுத்தீன் மக்தூம் எழுதியதை நாம் மதிக்கிறோம். அதற்குச் சில நாட்களுக்கு முன் குடிசை எரிந்து நின்ற பரதவப் பெண்ணுக்கு அந்தச் சொல் என்ன பொருள் தந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் வேண்டியிருக்கிறது. சமுதாய வரலாறு எழுதும் நம்மவர் சிலர் இந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்வது வழக்கமாகிவிட்டது.

வேதாளையில் அவர்கள் ஏன் தாமதித்தார்கள் என்பது இப்போரின் புதிர். கடற்கரையில் நின்று பார்த்தால் விடை ஓரளவு புலப்படும். கிழக்கே பாம்பன் நீரிணை. இன்று நாம் காணும் கால்வாய் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் பாறைகளைத் தகர்த்து ஆழப்படுத்தியது. அதற்கு முன் அது கலங்களைச் சோதிக்கும் பாறைவாய். ஜனவரியில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. நீரிணைக்கு வடக்கே கடல் கொந்தளிக்கும்போது, தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தில் சிறு தீவுகளின் மறைவில் நீர் குளம்போல் கிடக்கும். காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டு வந்தவர்கள் கலங்களைக் கரையேற்றி, ஓட்டை அடைத்து, குடிநீர் எடுத்துக்கொள்ள இதைவிட ஏற்ற இடம் இல்லை. ஷஅபான் இறுதி என்பதால் இரவுகள் நிலவற்ற இரவுகள். ரமளான் பிறையை எதிர்நோக்கியிருந்த நாட்கள். கரையேற்றிய கலம் போரில் பயன்படாது. கடலில் வல்லவர்களான மரைக்கார்கள் தரையில் நின்று துப்பாக்கிகளை எதிர்கொள்ள நேர்ந்தது இதனால்தான் என்பது நமது கருத்து. ஜைனுத்தீன் மக்தூமும் தோல்விக்கு வேறு காரணம் கூறாமல், இறங்கித் தாமதித்தனர் என்பதோடு நிறுத்திக்கொள்வது கவனிக்கத்தக்கது.

விளைவு சிறிதன்று. போர்ச்சுகீசியப் பதிவுகளின்படி, மீண்டும் இலங்கைக்குச் சென்ற மரைக்கார் தலைவர்கள் 1539இல் அங்கே கொல்லப்பட்டனர். எவருக்கு உதவப் போனார்களோ அந்த மாயாதுன்னையே சமாதானத்தின் விலையாக அவர்களைப் பலிகொடுத்தான். இதே 1538இல் செப்டம்பரில்தான் உதுமானியப் பேரரசின் சுலைமான் பாஷா சூயசிலிருந்து பெரும் கடற்படையோடு வந்து தியூக் கோட்டையை முற்றுகையிட்டார். முந்திய ஆண்டில் குசராத்தின் பகதூர் ஷா அதே தியூவின் கடலில் பறங்கியரால் கொல்லப்பட்டிருந்தார். உதுமானியர் வந்து சேர்ந்தபோது மலபாரின் முதன்மையான கடற்படை ஏழு மாதங்களுக்கு முன்பே வேதாளையில் அழிந்திருந்தது. இரண்டும் ஒரே பருவத்தில் எழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்பது வரலாற்றுக்கு அடுத்த வேலை அன்று. ஆனால் அக்கரையில் நிற்பவருக்கு அந்தக் கேள்வி எழாமல் இராது.

வேதாளையின் கதை அத்தோடு முடியவில்லை. பின்னர் போர்ச்சுகீசியர் இங்கே காவலிடம் அமைத்தனர். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரிடம் வரி பறித்ததால் சினமூண்ட நாயக்கர் படை 1549இல் பாய்ந்து வந்தது. பர்மா நகர்ப் பக்கத்திலிருந்து வந்த இத்தாலியரான அந்தோணி கிரிமினாலி என்ற சேசு சபைத் துறவி அப்போது ஈட்டியால் குத்துண்டு இறந்தார். (இப்பர்மா இத்தாலியில் உள்ள நகரம், நம்மவர் வணிகம் செய்த பர்மா நாடன்று.) சேசு சபையின் முதல் வேதசாட்சி என்று கிறித்தவ உலகம் அவரை நினைவுகூர்கிறது. அவரைப் பற்றி நூல்கள் உள. பதினொரு ஆண்டுகளுக்கு முன் அதே மணலில் புதையுண்டவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகையும் இல்லை. கிறித்தவ நண்பர்கள் தம் கடமையைச் செய்தார்கள். அவர்கள்மேல் நமக்குக் குறையில்லை.

பாம்பனைக் கடந்ததும் இடப்புறம் இராமேசுவரம் போகாமல் வலப்புறம் திரும்பினால் குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று சுவாமி விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய இடம் என்று நினைவு மண்டபம் உள்ளது. அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதன் பெயர் பாலி மொழியில் எழுதப்பட்டுவிட்டது. பாண்டிய நாட்டு வாரிசுப் போரில் தலையிட முதலாம் பராக்கிரமபாகு அனுப்பிய தண்டநாயகன் இலங்காபுரன், இராமேசுவரத்தைக் கைப்பற்றி, இரு கடல்களுக்கு இடைப்பட்ட குந்துகாலில் மதிலும் அகழியும் கொண்ட அரணமைத்து அதற்குப் பராக்கிரமபுரம் எனப் பெயரிட்டான் என்று ‘சூளவம்சம்’ கூறும். சிறைப்பட்ட தமிழர்கள் இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சிதைந்த தாதுகோபங்களைப் புதுப்பிக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் அந்நூல் பெருமையோடு எழுதுகிறது. அதே படையெடுப்பைக் காஞ்சிபுரம் பக்கத்து ஆர்ப்பாக்கம் கல்வெட்டு அச்சத்தோடு பேசுகிறது. நாம் சென்றபோது குந்துகாலில் அரணின் தடம் எதையும் காணவில்லை. விசைப்படகுகளும் மீன்பிடித் துறைமுகமும் மட்டுமே.

1639ஐ ஒட்டித் திருமலை நாயக்கரின் தளவாய் இராமப்பையன் சடைக்கன் சேதுபதியைத் துரத்திக்கொண்டு வந்து, இத்தீவுக்குக் கல்லிட்டு அணை கட்டிக் கடந்த போரையும் இங்கேயே நினைக்கலாம். ‘இராமப்பையன் அம்மானை’ பாடுவது அதைத்தான். அங்கும் பறங்கியர் கப்பல் உதவிக்கு வந்தது. ஒரு நூற்றாண்டு கழிந்தும் இக்கடலில் சண்டை என்றால் அவர்களை அழைக்காமல் முடியவில்லை.

தனுஷ்கோடியில் போர்க்களம் எது என்று கேட்டால் கையை நீட்டிக் கடலைத்தான் காட்ட வேண்டும். 1914இல் இரயிலும் கப்பலும் இணைந்து தலைமன்னாருக்கு வழி திறந்த ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் இரயில் வண்டியோடு அழிந்த ஊர். சிதைந்த தேவாலயத்தையும் நிலையச் சுவர்களையும் எல்லோரும் படம் பிடிக்கின்றனர். 1983க்குப் பின் இலங்கைப் போரிலிருந்து தப்பியவர்கள் படகோட்டிகளால் மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டு, தண்ணீரின்றிக் காத்திருந்து, பிறகு மண்டபம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது இதே முனையில்தான். எதிரே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள் படகேறினர். அவர்கள் இப்பக்கம் வரவில்லை. தெற்கே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்றனர். ஒரே நீரில், சில ஆண்டு இடைவெளியில், அகதிப் படகுகள் இரு திசைகளில் ஓடியிருக்கின்றன. முனையில் நின்றவாறு இதை நாம் சொன்னபோது உடன்வந்த இளைஞர் ஒருவர், ஒரு திசையைத்தான் தமக்குப் பள்ளியிலும் மேடையிலும் சொல்லியிருந்தார்கள் என்றார்.

அஸர் தொழுகையை இராமேசுவரத்தில் முடித்துக்கொண்டு திரும்பினால் இருட்டுமுன் பாம்பனைக் கடக்கலாம்.

பயணத்துக்கு நாள் குறிப்பதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 1538 ஜனவரி இறுதி இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் பிப்ரவரி 10ஐ ஒட்டி அமையும். 2027இல் ஷஅபான் நிறைவதும் பிப்ரவரி முதல் வார இறுதியில்தான். பிறை மாதமும் காற்றின் பருவமும் அன்றிருந்தபடியே ஒன்றுசேரும். வாடை தணியாத அந்த நாட்களில், முற்பகல் பத்து மணிக்கு வேதாளைக் கரையில் நின்று கலங்களை எங்கே ஏற்றியிருப்பார்கள், கிணறு எந்தப் பக்கம், பகைவர் எவ்வழி வந்திருப்பர் என்று அவ்வூர் மீனவப் பெரியவர்களைக் கேட்டறிய எண்ணியிருக்கிறோம். காற்றையும் நீரோட்டத்தையும் பற்றி அவர்கள் சொல்வது நூல்களில் இல்லாதது. ஜனவரி முடியுமுன் வாகனத்துக்குச் சொல்லிவைக்க வேண்டும்.